இரண்டாவது ஆல்பத்தில் பேஸ் வாசித்தவர்

தராசில் தில்லுமுல்லு செய்ய எத்தனை வழிகள் உண்டோ அத்தனையும் அவருக்கு அத்துப்படி. தட்டுக்கு அடியில் ஒட்டிய காந்தம், காலுக்கு அடியில் செருகிய அட்டைத் துண்டு, உள்ளே குடைந்து ஈயத்தை எடுத்துவிட்ட எடைக்கற்கள், கடைக்காரரின் முழங்கால் ரகசியமாக அழுத்துகிற கம்பி என்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். எடை அளவுத் துறையில் ஆய்வாளர் உத்தியோகம். கடை கடையாக ஏறி இறங்கித் தராசைச் சோதிப்பார். சரியாக இருந்தால் முத்திரை குத்துவார், இல்லாவிட்டால் தராசையே தூக்கிக்கொண்டு போய்விடுவார். அவர் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்தாலே யோக்கியமான வியாபாரிகூட எடைக்கற்களை ஒரு தடவை துடைத்து வைப்பார்.

அப்படிப்பட்டவர் சாயங்காலமானால் ஒரு ராக் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறார் என்றால் எந்தக் கடைக்காரர் நம்புவார்? ஆனால் அதுதான் உண்மை. குழுவின் பெயர் ‘ஈரச் சிமெண்ட்’. முதல் ஒத்திகைக்குக் கிடைத்த கார் கொட்டகையில் தரை போட்டு ஒருநாள்கூட ஆகவில்லை. டிரம்ஸ்காரர் அதைக் கவனிக்காமல் இறங்கிவிட்டார். அவருடைய கால் தடம் இன்றைக்கும் அங்கே இருக்கிறது; பெயரும் நிலைத்துவிட்டது.

குழுவில் மூன்றே பேர். பாடுகிறவர் ஆய்வாளரின் மைத்துனன், மனைவியின் ஒரே தம்பி. பாட்டோடு கிட்டாரும் அவனுடையதுதான். டிரம்ஸ்காரர் பார்சல் கிடங்கில் மூட்டை ஏற்றுகிறவர், ஆள் பார்ப்பதற்கும் மூட்டை மாதிரியே இருப்பார். மூன்றாமவர் நம் ஆய்வாளர். அவருக்கு ‘எடைக்கல்’ என்று பெயர் வைத்தது டிரம்ஸ்காரர்தான். வேலை ஒரு காரணம் என்றால் மேடையில் அவர் நிற்கிற விதம் இன்னொரு காரணம். மைத்துனன் மேடை முழுக்கத் துள்ளுவான், டிரம்ஸ்காரர் வியர்வையில் குளிப்பார், எடைக்கல் மட்டும் சட்டையைப் பேண்டுக்குள் விட்டுக்கொண்டு, வைத்த இடத்தில் வைத்தபடி நிற்பார். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் சுருதி பார்க்கிற இரும்புக் கவையை முழங்காலில் தட்டிக் காதில் வைத்து, நாலு கம்பிகளையும் சரிபார்ப்பார். கூட்டம் கத்தினாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

முதல் ஆல்பத்தை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், ஆளுக்கொரு மைக் வைத்து ஒரே மூச்சில் பதிவு செய்தார்கள். அது யாரும் எதிர்பாராதபடி விற்றது. உடனே ஒரு கேசட் கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். இரண்டாவது ஆல்பத்துக்குக் கம்பெனியே செலவு செய்யும், நிஜமான ஒலிப்பதிவுக் கூடத்தில் எடுக்கலாம் என்றார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட கையோடு, சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார்.

“தப்பா நினைக்காதீங்க. நாங்க வாங்கறது குரலைத்தான். கிட்டார், டிரம்ஸ் எல்லாம் யார் வேணா வாசிக்கலாம். குரல் போச்சுன்னா கடைய மூட வேண்டியதுதான்.”

மைத்துனன் அசடு வழிந்தான், டிரம்ஸ்காரர் சத்தம் போட்டுச் சிரித்தார். எடைக்கல் சிரிக்கவில்லை. யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்ற அந்தச் சொல் அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அன்றைக்கே இன்னொரு சங்கதியும் நடந்தது. முதல் ஆல்பத்தில் குறை ஏதும் உண்டா என்று கம்பெனிக்காரர் பேச்சுவாக்கில் கேட்க, எடைக்கல் கைவிரலை மடக்கி மடக்கிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். எந்தப் பாட்டில் டிரம்ஸ் முந்தியது, எந்த வரியில் மைத்துனனுக்குச் சுருதி இறங்கியது, எந்த இடத்தில் பள்ளிக்கூட மணி அடித்தது, எல்லாம் வந்தது. டிரம்ஸ்காரர் மேசைக்கு அடியில் காலை மிதித்தும் நிற்கவில்லை. வெளியே வந்ததும் டிரம்ஸ்காரர் தலையில் அடித்துக்கொண்டார். கேட்டால் என்ன சொல்வது என்றார் எடைக்கல். பொய் சொல்ல அவருக்கு வராது. முயற்சி செய்தால் காது சிவந்துவிடும்.

ஒலிப்பதிவுக் கூடம் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது. சுவர் முழுக்க முட்டை அட்டை மாதிரி குழிகுழியான பஞ்சு. நடுவில் தடித்த கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர், பேசும்போதுகூட ஒரு காதில் ஹெட்போனைக் கழற்றாத மனிதர். இங்கே ஒரே மூச்சில் எடுப்பதெல்லாம் கிடையாது. முதலில் டிரம்ஸும் பேஸும், அப்புறம் கிட்டார், கடைசியில்தான் குரல். அவரவர் வேலை முடிந்தால் அவரவர் கிளம்பலாம். இந்த முறையே எடைக்கல்லுக்குப் பிடிக்கவில்லை. நாம் கிளம்பிய பிறகு என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

ஆனால் வேலையில் குறை வைக்கவில்லை. ஆல்பத்தின் உயிர்நாடி ‘மேல்மாடி’ என்ற பாட்டு. படிக்கட்டில் ஏறுகிற மாதிரி குரல் ஏறிக்கொண்டே போய், உச்சியில் நின்று ஒரு கூவு கூவி முடியும். கம்பெனிக்காரர் மயங்கியதே அந்தக் கூவலில்தான். அதற்கு எடைக்கல் போட்ட பேஸ் வரி அவர் வாழ்க்கையிலேயே அவருக்குத் திருப்தியானது. ஒரே ஒரு குறை. இரண்டாவது அடி திரும்புகிற இடத்தில் கல்யாண மோதிரம் கிட்டாரின் கழுத்தில் இடித்து ‘டிக்’ என்று ஒரு சத்தம் விழுந்துவிட்டது. இன்னொரு தடவை எடுக்கலாம் என்றார். ஒலிப்பதிவாளர் கேட்கவில்லை.

“இருக்கட்டும் சார். மனுஷன் வாசிச்சான்னு ஒரு அடையாளம் வேணாமா?”

இது நடந்து சில வாரங்களுக்குள் ஏதோ சரியில்லை என்று எடைக்கல்லுக்குப் பட ஆரம்பித்தது.

முதலில் மைத்துனன் மாறினான். வாரத்துக்கு நாலு தடவை வீட்டுக்கு வந்து வாய் ஓயாமல் பேசுகிறவன், இப்போது கழுத்தைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு வருவான். நேரே சமையலறைக்குப் போவான். அக்கா கொடுக்கிற வெந்நீரைக் குடிப்பான். “என்ன மாப்ள, பாட்டு எப்படிப் போகுது?” என்று கேட்டால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவான். அவ்வளவுதான். முகத்துக்கு நேராக ஒரு வார்த்தை வராது. எடைக்கல் கூடத்திலிருந்து எழுந்து போனால் சமையலறையில் குசுகுசுவென்று ஏதோ நடக்கும். திரும்பி வந்தால் குழாயிலிருந்து தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

குற்றமுள்ள கடைக்காரர்கள் இரண்டு வகை என்பது அவர் அனுபவம். ஒரு வகை ஓயாமல் பேசும். மற்ற வகை பேச்சையே நிறுத்திவிடும். இரண்டாவது வகைதான் பெரிய திருட்டு.

அடுத்தது ஒலிப்பதிவாளர். ஒருநாள் சாயங்காலம் எடைக்கல் சொல்லாமல் கொள்ளாமல் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனார். மாடிப்படியில் எதிரே இறங்கி வந்தவரைப் பார்த்ததும் அவருக்குச் சுருக்கென்றது. ஊரில் உள்ள பெரிய ஓட்டலில் இரவு விருந்துக்கு வாசிக்கிற பேஸ் கிட்டார்காரர் அவர். எல்லோரும் நாலு கம்பி வைத்து வாசிக்கும்போது இவர் மட்டும் ஐந்து கம்பி வைத்த கிட்டார் வைத்திருப்பார். அந்த ஐந்தாவது கம்பி மற்றதையெல்லாம்விடத் தடிமன், சுவர் அதிர்கிற மாதிரி அடியிலிருந்து பேசும். ஐந்து கம்பிக்காரர் என்றால்தான் ஊரில் தெரியும்.

“என்ன சார், இந்தப் பக்கம்?” என்று எடைக்கல் கேட்டார்.

“ஒரு சோப்பு விளம்பரம்” என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போய்விட்டார்.

சோப்புக்கு எதற்கு ஐந்து கம்பி? மேலே போனால் ஒலிப்பதிவாளர் வாசலிலேயே மறித்துக்கொண்டார். இன்றைக்கு உங்களுக்கு வேலை இல்லையே, எதற்கு அலைகிறீர்கள் என்றார். அவர் தோளுக்கு மேலாகக் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தால், துண்டு கட்டிய மைத்துனன் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திரும்பவே இல்லை.

மறுநாள் எடைக்கல் பார்சல் கிடங்குக்குப் போனார். போவதற்கு முறையான காரணம் இருந்தது. அங்கே இருக்கிற நடைமேடைத் தராசுக்குச் சோதனை நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. டிரம்ஸ்காரர் ஒரு மூட்டையைத் தோளில் வைத்தபடி இவரைப் பார்த்தார்.

“எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றார்.

“நான் இன்னும் ஒண்ணும் கேக்கலியே.”

“கேட்டாலும் தெரியாதுங்கறேன்.”

மூட்டையை இறக்கவும் இல்லை, நகரவும் இல்லை. எடைக்கல் தராசைச் சோதித்தார். ஒரு குண்டுமணிகூடப் பிசகவில்லை. அது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. முத்திரை குத்திவிட்டுத் திரும்பினார்.

அன்றிலிருந்து அவர் வீட்டிலும் ஆய்வாளரானார். மனைவி காய்கறி வாங்கப் போனால் எந்தத் தெரு வழியாகத் திரும்புகிறாள் என்று மாடி ஜன்னலில் நின்று பார்ப்பார். தொலைபேசி மணி அடித்தால் அவள் எடுப்பதற்குள் எடுப்பார். எதிர்முனையில் மூச்சு மட்டும் கேட்கும், பிறகு வைத்துவிடுவார்கள். மனைவி தையற்காரி. ஒரு அறையில் தையல் மெஷின், அலமாரி நிறையத் துணி. அந்த அறைக்குள் அவர் எப்போதும் போவதில்லை. ஒருநாள் பட்டன் அறுந்துவிட்டது என்று சாக்கு வைத்து, அவள் இல்லாத நேரத்தில் பட்டன் டப்பாவைத் திறந்தார்.

பட்டன்களுக்கு அடியில் ஒரு கேசட் இருந்தது. மேலே மைத்துனனின் கோணல் கையெழுத்தில் ‘மேல்மாடி’ என்று எழுதியிருந்தது.

வீட்டுக் கூடத்தில் இருந்த டேப் ரிக்கார்டரில் போட்டார். முதல் பத்து நொடியிலேயே குனிந்து ரிக்கார்டரில் காதை வைத்தார். பாட்டு அதேதான், ஆனால் நிதானமாக, ஒரு படி கீழே இறங்கிய சுருதியில் போனது. டிரம்ஸ் அவர்கள் வாசித்ததைவிடக் கனமாக விழுந்தது. மைத்துனன் உச்சிக்கு ஏறும்போதுகூடச் சிரமமில்லாமல், பேசுகிற மாதிரி ஏறினான். முழுப் பாட்டையும் திரும்ப எடுத்திருக்கிறார்கள். பேஸைப் பொறுத்தவரை, அவர் போட்ட வரியை எழுத்துப் பிசகாமல் அப்படியே நகல் அடித்திருந்தான் எவனோ. அதே வளைவு, அதே தாவல். கை மட்டும் வேறு. அவருடைய கை அவசரப்படுகிற கை, அது அவருக்கே தெரியும். இந்தக் கை அவசரப்படவில்லை. ஒவ்வொரு ஸ்வரமும் பழுத்து, கனிந்து, தானாக விழுந்தது. அவரைவிட நன்றாக இருந்தது. இதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

என்றாலும் சோதிக்காமல் முடிவு கட்டுகிற ஆள் அல்ல அவர். முதலில் டேப் ரிக்கார்டர் சரியா? மோட்டார் இளைத்திருந்தால் எந்தக் கேசட்டும் மெதுவாகத்தான் ஓடும். முதல் ஆல்பத்தின் கேசட்டைப் போட்டு, சுருதிக் கவையைத் தட்டிக் காதில் வைத்தார். துல்லியமாக ஒத்துப்போனது. ஆக, கருவியில் குற்றமில்லை. பிறகு கிட்டாரை எடுத்து மடியில் வைத்து, புதுக் கேசட்டோடு சேர்ந்து வாசித்துப் பார்த்தார். பாட்டின் அடிமட்ட ஸ்வரம் வருகிற இடத்தில் அவர் விரலுக்குப் போக இடமில்லை. அவருடைய கிட்டாரின் தடித்த கம்பியைச் சும்மா மீட்டினால் என்ன வருமோ, கேசட்டில் அதற்கும் கீழே ஒரு ஸ்வரம் ஒலித்தது. கம்பியைத் தளர்த்தினால் கீழே போகலாம்தான். ஆனால் தளர்ந்த கம்பி தொளதொளவென்று கரகரக்கும். இது திரண்டு உருண்ட நாதம். நாலு கம்பிக் கிட்டாரில் இந்த ஸ்வரம் இல்லவே இல்லை.

ஐந்து கம்பியில் உண்டு.

கேசட்டைப் பழையபடி பட்டன்களுக்கு அடியில் வைத்தார். இரவு சாப்பாட்டில் மனைவி என்ன யோசனை என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றார். காது சிவந்திருக்க வேண்டும், ஆனால் அவள் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருஷம் ஒரே கூரையின்கீழ் இருந்துவிட்டு ஒரு பட்டன் டப்பாவில் மறைத்துவிட்டாளே என்று அவருக்கு ஆற்றாமையாக இருந்தது. கேட்டுவிடலாமா என்றுகூட வாய் வரை வந்தது. கேட்டால் எச்சரிக்கை கொடுத்த மாதிரி ஆகிவிடும். எச்சரிக்கை கொடுத்துவிட்டு எந்தக் கடைக்கும் அவர் போனதில்லை.

ஆல்பத்தைக் கேட்கக் கம்பெனிக்காரர் வருகிற நாளுக்காக எடைக்கல் காத்திருந்தார்.

அந்த நாளும் வந்தது. ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரே ஒரு சோபா. நடுவில் கம்பெனிக்காரர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் டிரம்ஸ்காரர், மறுபக்கம் துண்டும் கழுத்துமாக மைத்துனன். பாடிப் பாடிக் களைத்துவிட்டான், அதனால் அதிகம் பேசமாட்டான் என்று டிரம்ஸ்காரர் முன்கூட்டியே சொல்லிவைத்தார். எடைக்கல் உட்காரவில்லை. அன்று காலை பட்டன் டப்பாவிலிருந்து எடுத்த கேசட் சட்டைப் பையில் இருந்தது. சின்ன டேப் மெஷினில் ஒவ்வொரு பாட்டாக ஓடியது. கம்பெனிக்காரர் தலையாட்டினார். கடைசியாக மேல்மாடி என்று ஒலிப்பதிவாளர் சொன்னபோது எடைக்கல் முன்னால் போய்க் கேசட்டை மேசைமேல் வைத்தார்.

“இதப் போடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி. இதுல பேஸ் வாசிச்சது யாரு?”

ஒலிப்பதிவாளர் ஹெட்போனை இரண்டு காதுக்கும் மாட்டிக்கொண்டார். டிரம்ஸ்காரர் தரையைப் பார்த்தார். கம்பெனிக்காரர் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, என்ன விஷயம், ஏதாவது பிரச்சினையா, குரலில் ஏதும் இல்லையே என்று கேட்டார்.

மைத்துனன் எழுந்தான். அடைத்த குரலில், ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கி எடுத்துப் பேசினான்.

“ஐந்து கம்பிக்காரர்தான் மச்சான். உங்களுக்குத் தெரியாம அவர வச்சு எடுத்துட்டோம். தப்புதான்.”

கடைக்காரர் தானாக ஒப்புக்கொண்டால் ஆய்வாளருக்கு வேலை முடிந்தது. ஆனால் எடைக்கல்லுக்கு வெற்றி பெற்ற உணர்வு வரவில்லை. யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்றால், ஆல்பத்தில் அவர் எதற்கு, குழுவில்தான் எதற்கு?

கம்பெனிக்காரருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. “அட, இவ்வளவுதானா? நான் பயந்தே போயிட்டேன். போடுங்க, போடுங்க, கேப்போம்” என்றார்.

ஒலிப்பதிவாளர் கேசட்டைத் தொடவில்லை. பெரிய டேப் மெஷினில் இருந்த மூலப் பதிவையே ஓடவிட்டார். அதற்கு முன்னால் மெஷினின் ஓரத்தில் இருந்த ஒரு குமிழை நடுக்கோட்டுக்குத் திருகினார். எடைக்கல்லின் கண் அதைப் பார்த்தது. பார்த்ததை மனம் அப்போது வாங்கிக்கொள்ளவில்லை.

பாட்டு ஆரம்பித்தது. வேகம், சுருதி, எல்லாம் அவர் வாசித்தபோது இருந்தபடியே. பேஸ் கொஞ்சம் அவசரமாக ஓடியது. இது யாருடைய அவசரம் என்று யோசிப்பதற்குள் இரண்டாவது அடி திரும்பியது.

‘டிக்’.

மோதிரம். அவருடைய கையைப் போலவே வாசிக்க வேறு யாராலாவது முடியலாம். அவருடைய மோதிரம் இடிக்கிற இடத்தில் இன்னொருவன் மோதிரம் இடிக்குமா? உடனே நினைவு வந்தது, கேசட்டிலும் அதே இடத்தில் ‘டொக்’ என்று ஏதோ விழுந்தது. எங்கோ கதவு சாத்துகிற சத்தம் என்று நினைத்திருந்தார். அது கதவு அல்ல. இதே டிக்தான், மெதுவாக்கினால் டொக். அந்தப் பழுத்த கை, அவசரப்படாத கை, நாலு கம்பியில் இல்லாத ஸ்வரம் எல்லாமே அவருடையவைதான், வேகம் குறைத்த டேப்பில்.

வீட்டு டேப் ரிக்கார்டரைச் சோதித்தவர், வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ் வைத்த மெஷின் இன்னொன்று இருக்கிறது என்று யோசிக்கவே இல்லை. வாழ்நாள் முழுக்கத் தராசைச் சந்தேகப்பட்டவர், இந்த ஒரு தடவை சரக்கைச் சந்தேகப்பட்டுவிட்டார்.

ஆனால் எதற்காக மெதுவாக்கினார்கள்? அதற்குள் குரல் படியேற ஆரம்பித்துவிட்டது. உச்சியில் அது மெலிந்து, பளபளவென்று, பத்து வயது குறைந்தவன் பாடுகிற மாதிரி கூவியது. எடைக்கல் மைத்துனனைப் பார்த்தார். துண்டு. வெந்நீர். கட்டைவிரல். தொலைபேசியில் மூச்சு. டேப்பின் வேகத்தைக் குறைத்தால் சுருதி இறங்கும், இறங்கிய சுருதியில் நோயாளிக்கும் பாட முடியும், பிறகு பழைய வேகத்தில் ஓட்டினால் குரல் தானாக மேலே ஏறிவிடும். கேசட் அவன் அக்கா வீட்டுக்கு வரும்போது கேட்டுப் பழகுவதற்கு. மறைத்தது பேஸை அல்ல, தொண்டையை. மறைத்தது கம்பெனிக்காரரிடமிருந்து. அவர் கேட்டால் எடைக்கல் உள்ளதைச் சொல்லிவிடுவார் என்பதால் எடைக்கல்லிடமிருந்தும். ஐந்து கம்பிக்காரர் பெயரை மைத்துனன் சொன்னதும் அதற்காகத்தான்.

பாட்டு முடிந்தது. கம்பெனிக்காரர் தொடையில் தட்டினார். குரல் அபாரம் என்றார், பேஸும் அபாரம் என்றார். பிறகு ஏதோ உறுத்தியவர் போல எடைக்கல் பக்கம் திரும்பினார். டேப் மெஷினையும் கேசட்டையும் ஒரு தடவை பார்த்தார்.

“நீங்க சொல்லுங்க சார். உங்க வாயிலதான் பொய் நிக்காதே. இப்பக் கேட்டோமே, இதுல வாசிச்சது அந்த ஐந்து கம்பிக்காரர்தானா?”

இல்லை, நான்தான் என்று சொன்னால் போதும். அப்படியானால் உங்கள் மைத்துனன் ஏன் அப்படிச் சொன்னான், இந்தக் கேசட்டில் என்ன இருக்கிறது என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு அடுத்தது குமிழ். அதற்கு அடுத்தது தொண்டை. இரண்டாவது ஆல்பம் அந்த மேசையிலேயே முடிந்துவிடும். மைத்துனன் அவரைப் பார்க்கவில்லை, துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அவர்தான்” என்றார் எடைக்கல். “நல்லா வாசிச்சிருக்கார்.”

காது இரண்டும் சிவந்துவிட்டன. நல்லவேளையாகக் கம்பெனிக்காரர் அதை அவமானம் என்று எடுத்துக்கொண்டார். தோளைத் தட்டி, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள், மற்ற பாட்டெல்லாம் நீங்கள்தானே என்று சமாதானம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

படியில் இறங்கும்போது மைத்துனன் விஷயத்தைச் சொன்னான். தொண்டைக்குள் முடிச்சு விழுந்திருக்கிறது. மாதக்கணக்கில் வாயைத் திறக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. மற்ற பாட்டெல்லாம் அதற்கு முன்பே பாடியாகிவிட்டது, மேல்மாடிதான் பாக்கி. அதற்குமேல் பேச வேண்டாம் என்று எடைக்கல் கையைக் காட்டினார்.

வீட்டில் கேசட்டை மனைவியின் தையல் மெஷின்மேல் வைத்தார். அவள் பார்த்தாள், மெஷினை நிறுத்தவில்லை.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா? அந்த ஆளு கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க?”

அவர் யோசித்தார். “உள்ளதச் சொல்லியிருப்பேன்.”

“அதான்” என்று சொல்லிவிட்டு அவள் நூலைப் பல்லால் கடித்தாள்.

ஆல்பம் வந்தது. உள் அட்டையில், எல்லாப் பாட்டுக்கும் பேஸ் கிட்டார் என்ற இடத்தில் அவர் பெயர். மேல்மாடிக்கு மட்டும் ஐந்து கம்பிக்காரர் பெயர், கம்பெனிக்காரர் மறக்காமல் போட வைத்திருந்தார். பத்திரிகையில் ஒரு விமர்சனம் வந்தது. மற்ற பாட்டுகளில் பேஸ் ஒழுங்காக இருக்கிறது, மேல்மாடியில்தான் உயிரோடு இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். டிரம்ஸ்காரர் அதை வெட்டி ஒத்திகைக் கொட்டகையின் சுவரில் ஒட்டி, வந்தவர் போனவருக்கெல்லாம் படித்துக் காட்டினார். எடைக்கல் அதைக் கிழிக்கவில்லை. மைத்துனன் டாக்டர் சொன்னபடி வாயை மூடிக்கொண்டிருந்தான். குரல் திரும்பியது, ஆனால் அந்த உச்சி திரும்பவில்லை. மேடையில் மேல்மாடியை ஒரு படி இறக்கித்தான் பாட வேண்டியிருந்தது. அதற்காக எடைக்கல் தடித்த கம்பியைத் தளர்த்தி வைத்தார். எதிர்பார்த்தபடியே அது கரகரத்தது.

சில மாதம் கழித்து ஒருநாள் ஐந்து கம்பிக்காரர் எடை அளவு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். எடைக்கல் மேசைமேல் ஒரு மளிகைக்கடைத் தராசைப் பிரித்து வைத்திருந்தார். வந்தவர் உட்காராமல் தராசையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஓட்டல்ல எல்லாரும் அந்தப் பாட்டக் கேக்கறாங்க சார். அட்டையில என் பேரு இருக்கு. நான் எப்ப வாசிச்சேன்?”

“சோப்பு விளம்பரத்துக்கு வந்தீங்களே, அன்னிக்கு.”

“அன்னிக்கு சோப்பு மட்டும் வாசிச்ச மாதிரிதான் ஞாபகம்.” நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “சரி, மறந்திருப்பேன்னு நினைச்சு உக்காந்து கேட்டுப் பார்த்தேன். அஞ்சாவது கம்பிய ஒரு தடவகூடத் தொடல. நான் தொடாம இருக்க மாட்டேன் சார், அதுக்குத்தானே அத வாங்கினேன்.”

பாட்டுக்குத் தேவைப்பட்டிருக்காது என்றார் எடைக்கல். தராசின் முள்ளை ஒரு துணியால் துடைத்தார். ஏற்கனவே துடைத்த முள்தான்.

“அதுகூடப் போகட்டும். நடுவுல ஒரு இடத்துல டிக்னு கேக்குது. மோதிரம் இடிக்கற சத்தம். நான் மோதிரமே போடறதில்ல.”

எடைக்கல் துணியைக் கீழே வைத்தார். இடது கையை மெதுவாக மேசைக்குக் கீழே இறக்கினார். அவர் இறக்குவதை ஐந்து கம்பிக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய காதைப் பார்த்தார், ஒரு காதையும் மறு காதையும். வெளியே யாரோ எடைக்கற்களை வண்டியிலிருந்து இறக்குகிற சத்தம் கேட்டது.

வந்தவர் எழுந்து நாற்காலியைப் பழைய இடத்தில் தள்ளி வைத்தார். வாசல் வரை போய்த் திரும்பினார்.

“அப்ப நான் நல்லாத்தான் வாசிச்சிருக்கேன், இல்லையா சார்?”

“ரொம்ப நல்லா வாசிச்சிருக்கீங்க” என்றார் எடைக்கல்.